பண்ணைக்குட்டைக்கு இடம் தேர்வு செய்ய புவித்தகவல் படமும் கட்டுமானத் தகவல் மாதிரியும்

மானாவாரி நிலத்தில் பெய்யும் மழையை அந்த நிலத்திலேயே தேக்கி வைக்கப் பண்ணைக்குட்டை சிறந்த வழியாகும். கதிர் விடும் தருணத்தில் ஒரு நனைப்புக் கொடுக்க முடிந்தால், கருக இருந்த பயிர் வீட்டிற்கு வரும். ஆனால் வெட்டிய குட்டைகள் எல்லாமே நிரம்பி விடுவதில்லை. சில குட்டைகள் மழைக்காலத்திலும் அடியில் முழங்கால் அளவு நீருடன் கிடக்கின்றன. வேறு சில, ஒரே பெருமழையில் கரை உடைந்து, கீழே உள்ள வயலையும் மண்மூடச் செய்கின்றன. வெட்டியவர் செலவழித்த பணம் இரண்டு வகையிலும் வீணாகிறது.

இதற்கு முதற்காரணம் இடத்தேர்வில் ஏற்படும் தவறு. இரண்டாவது காரணம் அளவுக் கணக்கில் ஏற்படும் தவறு. அணை, பாலம், சாலை முதலிய பெரிய வேலைகளில் கட்டுமானப் பொறியாளர்கள் இவ்விரு தவறுகளையும் தவிர்க்க இரண்டு கருவிகளைக் கையாளுகிறார்கள். ஒன்று புவித்தகவல் முறை. மற்றொன்று கட்டுமானத் தகவல் மாதிரி. இவை பெரிய வேலைகளுக்கு மட்டுமே உரியவை அல்ல. ஒரு குட்டை வெட்டும் விவசாயியும் இவற்றின் அடிப்படையை அறிந்து பயன் பெறலாம். அதற்கான வழிமுறைகளை இக்கட்டுரையில் காண்போம்.

புவித்தகவல் முறை என்றால் என்ன?

ஓர் ஊரின் புல எல்லைப் படம், மண் வகைப் படம், மேடு பள்ளப் படம், ஓடைப் படம் ஆகியவற்றைத் தனித்தனியே மெல்லிய கண்ணாடித் தாளில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பதாகக் கொள்வோம். மேலிருந்து பார்க்கும்போது, எந்தப் புலத்தில் எந்த மண், அதில் எந்த ஓடை என்பது ஒரே பார்வையில் தெரியும். இந்த வேலையைக் கணிப்பொறியில் செய்வதே புவித்தகவல் முறை. படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. ஆகவே அடுக்குகள் இடம் மாறாமல் பொருந்துகின்றன.

இம்முறை முதன்முதலில் உருவானது விவசாய நிலத்தை முன்னிட்டுத்தான் என்பது பலர் அறியாத செய்தி. 1960களில் கனடா நாட்டில், எந்த நிலம் பயிருக்கு ஏற்றது, எது காட்டுக்கு ஏற்றது என்று நாடு முழுவதும் கணக்கெடுத்தார்கள். பயிர்த்திறனைப் பொறுத்து நிலம் 7 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான வரைபடங்களைக் கையால் ஒப்பிட முடியாத நிலையில், ராஜர் டாம்லின்சன் என்பவர் அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றும் முறையை வகுத்தார். இன்றைய புவித்தகவல் முறைகளுக்கு அதுவே முன்னோடி.

நம் பகுதிக்கும் நில அளவையில் நெடிய வரலாறு உண்டு. 1802ஆம் ஆண்டில் லாம்டன் சென்னைப் பரங்கிமலைப் பகுதியில் அளந்த அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியாவின் பெரும் முக்கோண அளவை தொடங்கிற்று. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஓர் ஏரியின் கலிங்கல் வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் சேரும்படி தொடர் ஏரிகளை அமைத்தவர்கள் நம் முன்னோர். நிலத்தின் வாட்டத்தைத் துல்லியமாக அறியாமல் அவ்வாறு அமைத்திருக்க இயலாது. கண்ணால் கண்டும், மழையில் நின்று பார்த்தும் அவர்கள் அறிந்ததை இன்று படத்தின் உதவியால் விரைவில் அறிய முடிகிறது.

படங்கள் எங்கே கிடைக்கும்?

1. புல வரைபடம்: சர்வே எண்ணைக் கொண்டு, தமிழக அரசின் நிலப் பதிவுகளுக்கான இணையச் சேவையில் பட்டா விவரத்தையும் புல வரைபடத்தையும் பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தையும் உடன் பார்ப்பது நலம். ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு எங்கே செல்கிறது என்பதை இதில் குறித்துக் கொள்ள வேண்டும். அவற்றை மறித்துக் குட்டை வெட்டக் கூடாது.

2. செயற்கைக்கோள் படம்: இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2009ஆம் ஆண்டு முதல் நடத்தி வரும் புவன் இணையதளத்தில் நம் ஊரின் படத்தைக் காணலாம். ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் 10 மீ. துல்லியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

3. உயரப் படம்: 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்று ரேடார் மூலம் உலகின் பெரும் பகுதியின் நில உயரத்தை அளந்தது. 2005ஆம் ஆண்டில் ஏவப்பட்ட நம் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளும் உயரப் படம் தயாரிக்க உதவியது. இவ்விரண்டிலிருந்தும் நிலத்தை 30 மீ. கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் உயரம் கொடுத்த படங்கள் கிடைக்கின்றன.

இப்படங்களை அடுக்கிப் பார்க்க க்யூஜிஐஎஸ் என்னும் இலவசக் கணிப்பொறி நிரல் உள்ளது. வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் சில நாட்களில் பழகிக் கொள்வார்கள். இயலாதவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறை உதவிப் பொறியாளரை அணுகிக் கேட்கலாம்.

நீர் வரும் வழியை அறிதல்

ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு சம உயரக் கோடு எனப்படும். கோடுகள் நெருங்கி இருந்தால் சரிவு அதிகம். விலகி இருந்தால் நிலம் ஏறத்தாழ மட்டமானது. நீர் இக்கோடுகளைச் செங்குத்தாகக் கடந்து கீழே இறங்கும்.

கோடு வளையும் விதத்தையும் கவனிக்க வேண்டும். வளைவின் முனை மேட்டை நோக்கி இருந்தால் அது பள்ளம். அங்கு நீர் கூடும். வளைவின் முனை தாழ்வான பக்கத்தை நோக்கி இருந்தால் அது மேட்டு முதுகு. அங்கு நீர் இரு பக்கமும் பிரிந்து ஓடிவிடும். குட்டையை முதுகில் வெட்டினால், எவ்வளவு ஆழம் வெட்டினாலும் அதன்மேல் நேராக விழும் மழைதான் மிஞ்சும்.

கணிப்பொறி இதையே கட்டம் கட்டமாகச் செய்கிறது. ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சுற்றியுள்ள 8 கட்டங்களில் மிகச் சரிவான திசையில் உள்ள கட்டத்திற்கு நீரைத் தள்ளுவதாகக் கொள்கிறது. பிறகு, ஓர் இடத்திற்கு எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேருகிறது என்று எண்ணுகிறது. ஒரு கட்டம் 900 சதுர மீட்டர். ஆகவே 5 எக்டர் நீர்வரத்துப் பரப்பு என்றால் சுமார் 55 கட்டங்களின் நீர் அங்கு சேருகிறது என்று பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு விவசாயிக்கு 3 எக்டர் மானாவாரிச் செம்மண் நிலம் இருப்பதாகக் கொள்வோம். மேல்மண் களிப்பாங்கானது. வீட்டிற்கு அருகே வடகிழக்கு மூலையில் மழைக்குப் பின் சிறிது நீர் தேங்கி நிற்கும். அங்குதான் குட்டை வெட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். காவலுக்கும் எளிது, அந்த மூலை விளைச்சலும் குறைவு.

படத்தில் பார்த்தபோது, அந்த மூலைக்கு 2 எக்டர் பரப்பின் நீர் மட்டுமே வருகிறது என்று தெரிகிறது. அங்கிருந்து 80 மீ. தெற்கே, நிலத்தின் நடுவில் செல்லும் பள்ளத்திற்கோ 5 எக்டர் நீர் வருகிறது. ஆனால் அது அவருடைய நல்ல மண். கடலை நன்கு விளையும் இடம். எதை விடுவது?

கணக்கிட்டுப் பார்ப்போம். 50 மி.மீ. மழை பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு வழிந்தோடுவதாகக் கொண்டால், 10 மி.மீ. நீர் ஓடி வரும். இது எக்டருக்கு 100 கன மீட்டர்.

வடகிழக்கு மூலை: 2 எக்டர் × 100 = 200 க.மீ.
நடுப்பள்ளம்: 5 எக்டர் × 100 = 500 க.மீ.

இவர் வெட்ட நினைத்த குட்டையின் கொள்ளளவு 1,971 க.மீ. (இதன் கணக்கு பின்னர் வருகிறது). நடுப்பள்ளத்தில் இத்தகைய மழை நான்கு பெய்தால் குட்டை நிரம்பும். மூலையில் பத்து மழை வேண்டும். பத்து மழை என்றால் 500 மி.மீ. ஐப்பசி, கார்த்திகையில் மொத்தம் பெய்வதே 400 மி.மீ. உள்ள ஊரில், அந்த மூலைக் குட்டை ஒரு நாளும் நிரம்பாது. 

ஆகவே நல்ல மண்ணாயினும் நடுப்பள்ளமே சரியான இடம். இல்லையெனில் மூலையிலேயே, வரும் நீருக்கு ஏற்ற சிறு குட்டை போதும். பெரிய குட்டையை மூலையில் வெட்டுவதுதான் தவறு.

மற்றொன்றும் கவனிக்க வேண்டும். அந்த 5 எக்டரில் பாதிக்கு மேல் பக்கத்து நிலக்காரர்களுடையதாக இருக்கலாம். நாளை அவர்கள் வரப்பை உயர்த்திக் கட்டினால் நீர்வரத்து குறையும். மிகுந்த நீரை நாம் திருப்பி விடும் இடமும் மற்றொருவர் வயலாக இருக்கலாம். மேல் நிலக்காரர், கீழ் நிலக்காரர் இருவரிடமும் படத்தைக் காட்டிப் பேசி, இசைவு பெற்ற பின்பே வேலையைத் தொடங்க வேண்டும். படம் கையில் இருந்தால் பேச்சு வழக்காக மாறாது.

படத்தை எவ்வளவு நம்பலாம்?

செயற்கைக்கோள் உயரப் படத்தில் சில மீட்டர் வரை பிழை இருக்கும். மரங்களின் உச்சியையே நிலமாகக் காட்டுவதும் உண்டு. கைப்பேசியில் இடம் குறிக்கும்போது திறந்த வெளியிலும் சுமார் 5 மீ. முன்னே பின்னே இருக்கலாம். புல வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தும்போது எல்லைக் கோடு சற்று நகர்ந்து தெரியலாம். ஆகவே படத்தைக் காட்டி எல்லைத் தகராறு தீர்க்க முற்படக் கூடாது. அதற்கு நில அளவர் வந்து கல்லைப் பார்த்து அளக்க வேண்டும்.

படம் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று காட்டும். எந்த இடத்தில் கடப்பாரை போட வேண்டும் என்று மட்டக் கருவிதான் காட்டும்.

மேற்சொன்ன நடுப்பள்ளத்தில் மட்டம் பார்ப்பதாகக் கொள்வோம். கருவியை ஓரிடத்தில் நிறுத்தி, அளவுகோலை ஓடையின் அடியில் வைத்தபோது 1.85 மீ. காட்டுகிறது. குட்டையின் நீர் நுழைவாய் என்று குறித்த இடத்தில் வைத்தபோது 1.60 மீ. காட்டுகிறது. அளவுகோலில் எண் குறைந்தால் தரை உயர்ந்திருக்கிறது என்று பொருள். அதாவது நுழைவாய், ஓடையைவிட 25 செ.மீ. மேடு. நீர் உள்ளே வராது. அங்கிருந்து 15 மீ. கீழே தள்ளி வைத்தால் 2.05 மீ. காட்டுகிறது. இது ஓடையைவிட 20 செ.மீ. தாழ்வு. நுழைவாய் இங்கேதான் அமைய வேண்டும். 30 மீ. கட்டம் கொண்ட படத்தில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

மட்டக் கருவி கிடைக்காத இடத்தில், கொத்தனார்கள் செய்வதுபோல், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளிலும் நீர்மட்டம் பார்த்தும் உயர வேறுபாட்டை அறியலாம். குழாயினுள் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது.

கட்டுமானத் தகவல் மாதிரி

இடம் முடிவான பின் அளவு முடிவு செய்ய வேண்டும். பழைய முறையில் பொறியாளர் ஒரு தாளில் மேல் தோற்றமும், மற்றொரு தாளில் குறுக்கு வெட்டுத் தோற்றமும் வரைவார். மூன்றாவது தாளில் மதிப்பீடு இருக்கும். ஆழத்தை மாற்றினால் மூன்று தாள்களையும் திருத்த வேண்டும். ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால் வேலை இடத்தில் குழப்பம் வரும்.

கோடுகளை வரைவதற்குப் பதிலாக, கட்டடத்தின் ஒவ்வொரு உறுப்பையும் அதன் அளவு, பொருள் ஆகிய தகவல்களோடு கணிப்பொறியில் பதிந்து வைக்கலாம் என்று அமெரிக்காவில் சார்லஸ் ஈஸ்ட்மன் 1975ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். இதுவே கட்டுமானத் தகவல் மாதிரியாக வளர்ந்தது. இதில் சுவர் என்பது இரண்டு கோடுகள் அல்ல. அதன் நீளம், உயரம், கனம், செங்கல் வகை எல்லாம் அதனுடன் இருக்கும். நீளத்தை மாற்றினால் செங்கல் எண்ணிக்கையும் மதிப்பீடும் தாமே மாறும். பிரிட்டனில் 2016ஆம் ஆண்டு முதல் மைய அரசின் கட்டுமான வேலைகளுக்கு இம்முறை கட்டாயமாக்கப்பட்டது. நம் நாட்டில் நாக்பூர் மெட்ரோ இரயில் வேலையில், காலக் கணக்கையும் செலவுக் கணக்கையும் மாதிரியுடன் இணைத்துப் பயன்படுத்தினார்கள்.

குட்டைக்கு இவ்வளவு பெரிய நிரல் தேவையில்லை. அதன் அடிப்படையை மட்டும் எடுத்துக் கொண்டால் போதும். படமும் கணக்கும் பிரியாமல் இருக்க வேண்டும் என்பதே அந்த அடிப்படை. ஒரு நோட்டுப் புத்தகத்திலும் இதைச் செய்யலாம்.

கொள்ளளவுக் கணக்கு

குட்டையின் மேல் அளவு 30 மீ. × 30 மீ. ஆழம் 3 மீ. பக்கச்சரிவு 1.5:1, அதாவது 1 மீ. இறங்க 1.5 மீ. உள்ளே தள்ள வேண்டும். களிப்பாங்கான செம்மண்ணுக்கு இது ஏற்றது. மணற்பாங்கான மண்ணுக்கு 2:1க்குக் குறையக் கூடாது. குறைந்தால் கரை சரியும்.

அடிப்பகுதியின் நீளம்: 30 − (2 × 1.5 × 3) = 21 மீ.
நடு ஆழத்தில் நீளம்: 25.5 மீ.
மேற்பரப்பு: 900 ச.மீ.
நடுப்பரப்பு: 650.25 ச.மீ.
அடிப்பரப்பு: 441 ச.மீ.

மேற்பரப்புடன் நடுப்பரப்பின் நான்கு மடங்கையும் அடிப்பரப்பையும் கூட்டி, ஆறால் வகுத்து, ஆழத்தால் பெருக்க வேண்டும்.

(900 + 2,601 + 441) ÷ 6 × 3 = 1,971 க.மீ.

பலர் 30 × 30 × 3 = 2,700 க.மீ. என்று கணக்கிட்டு விடுகிறார்கள். வேறுபாடு 729 க.மீ. கன மீட்டர் கணக்கில் கூலி பேசினால், வெட்டாத மண்ணுக்கும் பணம் கொடுக்க நேரும். அதே குட்டையை நம்பிப் போடும் பயிர்ப் பரப்பும் தவறிப் போகும்.

கீழே பாறை தென்பட்டு 2.5 மீ. ஆழத்தில் பொக்லைன் இயந்திரம் நின்று விட்டால் என்ன செய்வது? கணக்கு கையில் இருந்தால் அப்போதே பார்க்கலாம். அடி நீளம் 22.5 மீ. ஆகவும், நடு நீளம் 26.25 மீ. ஆகவும் மாறும். கொள்ளளவு சுமார் 1,734 க.மீ. ஆகும். இழப்பு 237 க.மீ. மட்டுமே. பாறையை வெடி வைத்து உடைக்கும் செலவுக்கு இது ஈடாகுமா என்று அங்கேயே முடிவு செய்யலாம்.

விரிப்புக் கணக்கு

நீர் கசியும் மண்ணில் பிளாஸ்டிக் விரிப்பு இடுவது வழக்கம். 30 × 30 மீ. குட்டைக்கு 900 ச.மீ. விரிப்பு வாங்கினால் போதாது. 3 மீ. ஆழத்தில் சரிவின் நீளம் 5.41 மீ. ஆகவே ஒரு பக்கத்திற்கு வேண்டிய நீளம்:

21 + (2 × 5.41) + (மேற்கரையில் புதைக்க 2 × 1) = 33.82 மீ.

எனவே 34 மீ. × 34 மீ. அளவில், 1,156 ச.மீ. விரிப்பு வேண்டும். அளவு குறைந்த விரிப்பை இழுத்துப் பொருத்தினால், முதல் ஆண்டிலேயே மூலைகளில் கிழியும்.

வெள்ளம் வெளியேறும் வழி

கரை உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் மறுகால் இல்லாமையே. மழையின் வேகம் மணிக்கு 75 மி.மீ., நீர்வரத்துப் பரப்பு 5 எக்டர், ஓட்டப் பங்கு 0.3 எனக் கொண்டால், 0.3 × 75 × 5 ÷ 360 = விநாடிக்கு சுமார் 0.31 க.மீ. நீர் வரும். 30 செ.மீ. உயரம் நீர் வழியும்படி அமைந்த மறுகாலில் ஒரு மீட்டர் அகலத்திற்கு விநாடிக்கு சுமார் 0.28 க.மீ. நீர் செல்லும். ஆகவே 1.5 மீ. அகலம் கொடுத்துக் கல் பதிக்க வேண்டும். மறுகாலில் வழியும் நீரின் மட்டத்திற்கு மேல் கரை மேலும் அரை மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். நுழைவாயில் வண்டல் படிய ஒரு சிறு குழி அமைத்தால் குட்டை விரைவில் தூராது.

குட்டைக்கு ஒரு பதிவேடு

தகவல் மாதிரியின் பயன் கட்டி முடித்தவுடன் தீர்ந்து விடுவதில்லை. குட்டை இருக்கும் வரை அது உதவும். கீழ்க்கண்டவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கவும்.

1. சர்வே எண், குட்டை நடுவின் அட்சரேகை, தீர்க்கரேகை.
2. அசையாத கல் ஒன்றை மட்டக்குறியாகக் கொண்டு நுழைவாய், மறுகால், அடிமட்டம் ஆகியவற்றின் அளவு.
3. வெட்டிய நாள், விரிப்பின் கனம், வாங்கிய நாள்.
4. ஒவ்வொரு பெருமழைக்கும் பின் நீரின் ஆழம்.
5. ஆண்டுதோறும் கோடையில் அடியில் படிந்த வண்டலின் கனம்.

நான்காவது குறிப்பு மிக முக்கியமானது. வழிந்தோடுவது ஐந்தில் ஒரு பங்கு என்று நாம் கொண்டது ஒரு மதிப்பே. மண், சரிவு, பயிர், முந்தைய ஈரம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். இரண்டு மூன்று ஆண்டுக் குறிப்பு இருந்தால் உங்கள் நிலத்தின் உண்மையான அளவு உங்களுக்கே தெரிந்துவிடும்.

நிரம்பிய குட்டையில் பாதி நீர் ஆவியாதலிலும் கசிவிலும் போனாலும் ஏறத்தாழ 985 க.மீ. மிஞ்சும். ஏக்கருக்கு 5 செ.மீ. நனைப்பு என்றால் சுமார் 200 க.மீ. தேவை. ஆகவே 5 ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக ஒரு நனைப்புக் கிடைக்கும். மழை பொய்க்கும் வாரத்தில் இந்த ஒரு நனைப்பே பயிரைக் காக்கும்.

பயிற்சி

மேல் அளவு 20 × 20 மீ., ஆழம் 2 மீ., பக்கச்சரிவு 1.5:1 உள்ள குட்டைக்கு 1.5 எக்டர் நீர்வரத்து உள்ளது. கொள்ளளவு என்ன? 50 மி.மீ. மழை எத்தனை பெய்தால் நிரம்பும்? விரிப்பு எவ்வளவு வேண்டும்? மேற்சொன்ன முறையில் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

விடை: கொள்ளளவு 584 க.மீ.; மழைக்கு 150 க.மீ. வீதம் நான்கு மழை. விரிப்பு 24 மீ. × 24 மீ.

எனவே குட்டை வெட்ட எண்ணும் விவசாயிகள் இயந்திரத்தை அழைப்பதற்கு முன் படத்தைப் பார்க்கவும். படத்தைப் பார்த்தபின் நிலத்தில் மட்டம் பார்க்கவும். மட்டம் பார்த்தபின் கணக்கை எழுதவும். இம்மூன்றும் முடிந்த பிறகு வெட்டும் குட்டையில் மழைநீர் தங்கும். செலவழித்த பணமும் வீணாகாது.